மெஷினில் உட்காராத மேனேஜர் என்ன வேலை செய்கிறார்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் கம்பெனியும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 38. பதினெட்டு வயதில் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்கு, அதாவது டெய்லருக்கு உதவியாளராக, சேர்ந்தவர். ஓவர்லாக் மெஷின் பழகினார், பிளாட்லாக் மெஷின் பழகினார், டெய்லர் ஆனார், பிறகு ஒன்பது வருடம் லைன் சூப்பர்வைசர். நடுவில் தபால் வழியில் பி.காம். முடித்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் முதலாளி அவரைக் கூப்பிட்டு, "இனிமே நீதாம்ப்பா புரொடக்ஷன் மேனேஜர்" என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கீழே ஆறு லைன் (தையல் மெஷின் வரிசை), 180 பேர்.

"காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறேன். வீட்டுக்குப் போய் இன்று என்ன செய்தோம் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. டெய்லராக இருந்தபோது சாயந்திரம் எத்தனை பீஸ் என்று எண்ணிப் பார்க்கலாம். இப்போது எண்ணுவதற்கு எதுவுமில்லை. சும்மா சம்பளம் வாங்குவதுபோல் கூச்சமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கூச்சத்தால், டார்கெட் குறையும் நாட்களில் ஓவர்லாக்கில் தானே உட்கார்ந்து தைத்திருக்கிறார்.

போன மாதம் ஷிப்மெண்ட் நெருக்கடியில் அப்படி மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை தைத்தார். அந்த நேரத்தில் நாலாவது லைனில், துவைக்கும் முறையைச் சொல்லும் வாஷ்கேர் லேபிள் தீர்ந்துவிட்டது. மேனேஜர் கையெழுத்து இல்லாமல் லேபிள் தர முடியாது என்று ஸ்டோரில் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துக்கு வந்த சூப்பர்வைசர், இவர் மும்முரமாகத் தைப்பதைப் பார்த்துத் தொந்தரவு செய்யத் தயங்கி நின்றிருக்கிறார். நாற்பது நிமிடம் லைனில் 30 பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும், "மேனேஜர் சம்பளம் கொடுத்து டெய்லரையா வெச்சிருக்கேன்?" என்று கேட்டுவிட்டார்.

இன்னும் இரண்டு வருத்தங்கள் உண்டு. பல வருடம் பக்கத்து மெஷினில் தைத்த நண்பர், 'மாப்ளே' என்று கூப்பிட்டவர், இப்போது எல்லோர் முன்னாலும் 'சார்' என்கிறார். வேலைக்குத் தாமதமாக வருகிறார். நேரத்துக்கு வரச் சொன்னால், "நீ மேனேஜ்மெண்ட் பக்கம் போயிட்டே" என்கிறார். நிர்வாகப் படிப்பு முடித்து வந்திருக்கும் சின்ன முதலாளியோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் கேட்கிறார்.

அவருடைய கேள்விகள்: எம்.பி.ஏ. படித்தால் சரியாகுமா? திரும்ப டெய்லராகவோ, பீஸுக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட் கான்ட்ராக்ட் எடுத்தோ போய்விடலாமா? தொழிற்சாலைப் பதிவில் மேனேஜர் என்று தன் பெயரைப் போட ஆபீசில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா? ஓவர்டைம் காசும் நின்றுவிட்டதே, அது நியாயமா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த நாற்பது நிமிடத்தில் வந்து நின்றேன். நீங்கள் தேடும் பதில் அதற்குள்ளேயே இருப்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நீங்கள் மூன்று மணி நேரம் தைத்தீர்கள். உங்கள் கை வேகமான கை, இரண்டு டெய்லர் வேலையை ஒரே ஆளாகச் செய்வீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு ஆறு மணி நேர வேலை கிடைத்தது. அதே நேரத்தில் 30 பேர் நாற்பது நிமிடம் சும்மா இருந்ததால் போனது 1,200 நிமிடம், அதாவது இருபது மணி நேர வேலை. நீங்கள் எழுந்து நடந்து ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த இருபதும் மிஞ்சியிருக்கும். அதைவிட, அந்தக் கையெழுத்தே தேவைப்படாத மாதிரி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் நீங்கள் எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை.

இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் நான் ஷிப்ட் பொறுப்பில் இருந்தபோது, அச்சு சரியில்லை என்றால் நானே மணலில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு வயதான மோல்டர் என்னிடம் வந்து, "நீங்க இங்க வந்துட்டா, அங்க யாருங்க இருப்பாங்க?" என்று கேட்டார். கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

முதலாளி உங்களை எல்லோர் முன்னாலும் பேசியது தவறு. உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதில் இருந்த விஷயம் தவறில்லை.

ஒரே சொல், இரண்டு அர்த்தம்

நம் ஊரில் இந்த மேனேஜ்மெண்ட் என்ற சொல்லை இரண்டு விதமாகப் பேசுகிறோம். "மேனேஜ்மெண்ட் ஒத்துக்கல" என்றால் அது சில ஆட்கள்: ஏசி அறை, முதலாளி குடும்பம், அவர்களுக்கு நெருக்கமானவர்கள். "எப்படியோ மேனேஜ் பண்ணிட்டேன்" என்றால் இருப்பதை வைத்துச் சமாளித்தேன் என்று பொருள். உங்கள் நண்பர் முதல் அர்த்தத்தில் உங்களைக் குத்துகிறார். நீங்களோ இரண்டாவது அர்த்தத்தில் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். நிர்வாகம் என்பது என்ன வேலை என்பது இந்த இரண்டிலுமே இல்லை.

நான் புரிந்துகொண்டிருப்பது இது. பல பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்யும்போது, வெட்டுபவர், தைப்பவர், செக்கிங் பார்ப்பவர், அயர்ன் போடுபவர் என்று யாருடைய வேலையிலும் சேராத ஒரு வேலை மிச்சம் நிற்கும். யாருக்கு எது எப்போது தேவைப்படும் என்று முன்னாலேயே பார்ப்பது, அது வந்து சேரும்படி செய்வது, வராவிட்டால் மாற்று என்ன என்று முடிவெடுப்பது. அந்த மிச்ச வேலைதான் நிர்வாகம். வீட்டில் ஒரே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கும் பெண்ணும் இதைச் செய்கிறார். நூல் தீரப் போகிறதே என்று முதல் நாளே வாங்கி வைக்கிறார். ஆனால் அது அவர் தைக்கும் வேலையோடு கலந்து கிடப்பதால் தனியாகத் தெரிவதில்லை. 180 பேர் என்று வரும்போது அதற்குத் தனி ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள்தான் நீங்கள்.

அது சரியாக நடந்தால் வெளியே எதுவுமே தெரியாது. லேபிள் தீராத நாளில், லேபிள் தீரவில்லை என்று யாரும் உங்களிடம் வந்து சொல்லப் போவதில்லை. எண்ண எதுவுமில்லை என்று நீங்கள் வருத்தப்படுவதற்குக் காரணம் இதுதான். வேலை இல்லாமல் இல்லை, அது நடக்காமல் போன தடங்கல்களாக இருக்கிறது. அதையும் எண்ண வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

ஒரு சுரங்கப் பொறியாளர் பட்ட பாடு

ஹென்றி ஃபயோல் என்று பிரான்சில் ஒருவர் இருந்தார். 1841-ல் பிறந்தவர், சுரங்கப் பொறியாளர். 1888-ல், திவாலாகும் நிலையில் இருந்த கம்பெனியைக் கையில் எடுத்து முப்பது வருடம் நடத்தினார். நிர்வாகம் என்பது தனியான ஒரு வேலை, அதைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று 1916-ல் எழுதி வைத்தார். அவர் பேராசிரியர் அல்ல. உங்களைப்போல் தளத்திலிருந்து மேலே வந்தவர் என்பதால்தான் அவரைச் சொல்கிறேன்.

இளம் பொறியாளராக இருந்த காலத்தில் அவருக்கு ஒன்று நடந்தது. சுரங்கத்துக்குள் வண்டி இழுக்கும் குதிரை ஒன்று கால் ஒடிந்து விழுந்துவிட்டது. மாற்றுக் குதிரை கேட்டுச் சீட்டு எழுதி லாயத்துக்கு அனுப்பினார். டைரக்டர் கையெழுத்து இல்லை என்று லாயக்காரர் தரவில்லை. டைரக்டர் அன்று ஊரில் இல்லை. அவர் இடத்தில் கையெழுத்துப் போட யாரையும் சொல்லி வைக்கவும் இல்லை. குதிரை லாயத்தில் நிற்க, அந்தப் பகுதியில் வேலை நின்றுபோனது. உங்கள் நாலாவது லைனில் நடந்தது இதேதான். லேபிள் ஸ்டோரில் இருந்தது, கையெழுத்துப் போடும் ஆள் ஓவர்லாக்கில் இருந்தார்.

அவர் நிர்வாகத்தை ஐந்து பங்காகப் பிரித்தார்: முன்கூட்டிப் பார்த்துத் திட்டமிடுவது, ஆளையும் பொருளையும் அமைப்பது, ஏவுவது, ஒன்றோடொன்று இணைப்பது, சொன்னபடி நடக்கிறதா என்று சரிபார்ப்பது. நம் கம்பெனிகளில் பெரும்பாலும் மூன்றாவதும் ஐந்தாவதும்தான் நிர்வாகம் என்று நடக்கிறது. டார்கெட் சொல்வது, ரிப்போர்ட் கேட்பது. முதலாவதும் நாலாவதும்தான் உங்கள் ஆறு லைனிலும் விட்டுப்போயிருக்கின்றன என்பது என் கணிப்பு. நாளை ஓடப்போகும் ஸ்டைலுக்கு ரிப் துணி சாயப்பட்டறையிலிருந்து வந்துவிட்டதா, ஒவ்வொரு சைசிலும் தைத்துக் காட்டும் அளவுச் செட்டுக்கு, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடமிருந்து அப்ரூவல் வந்ததா, கட்டிங் மாஸ்டர் எந்த லாட்டை முதலில் போடுகிறார் என்று இன்று மதியம் மூன்று மணிக்கே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் சூப்பர்வைசராக இருந்தபோது உங்கள் கண் லைனுக்குள் இருந்தது. இப்போது அது லைனுக்கு முன்னால், கட்டிங்கிலும் ஸ்டோரிலும் சாயப்பட்டறையிலும் இருக்க வேண்டும்.

ஃபயோல் இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் எந்தத் திறமை எவ்வளவு வேண்டும் என்று தன் அனுபவத்தை வைத்து ஒரு மதிப்பீடு போட்டார். தொழிலாளிக்குக் கைத்தொழில் திறமை 85 பங்கு, நிர்வாகம் 5. போர்மேனுக்கு 60-ம் 15-ம். கம்பெனியை நடத்துபவருக்கு 15-ம் 40-ம். இது துல்லியமான அளவு அல்ல, அவர் போட்ட மனக்கணக்கு. ஆனாலும் உங்கள் கூச்சத்தின் வேர் இதில் தெரிகிறது. இருபது வருடம் உங்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்த கைத்தொழிலின் பங்கு திடீரென்று குறைந்துவிட்டது. புதிதாகக் கூடிய பங்கை யாரும் உங்களுக்குக் கற்றுத் தரவில்லை. முதலாளியும் தரவில்லை. நல்ல டெய்லரை மேனேஜராக்கிவிட்டு மறுநாளே அவர் மேனேஜராக நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது உங்கள் குறை அல்ல.

அந்த மதிப்பீட்டில் எனக்குப் பிடித்தது தொழிலாளிக்கு அவர் போட்ட அந்த 5. நிர்வாகம் மேலே இருப்பவரின் தனிச்சொத்து அல்ல, அமைப்பில் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்பது அவர் கருத்து. பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) நம்பர் மாறியிருப்பதைப் பார்த்து, "அண்ணா, இது வேற சைசு" என்று கையை நிறுத்தும் கைமடிப் பெண் அந்த நொடியில் நிர்வாகம் செய்கிறார். உங்கள் நண்பர் சொல்லும் 'பக்கம்' என்ற பேச்சு இங்கே நிற்காது. அவரிடமும் அந்த 5 இருக்கிறது.

"ஓடுகிறேன், ஒன்றும் ஞாபகம் இல்லை"

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1950-களில் அமெரிக்காவில் 56 போர்மேன்களின் பின்னாலேயே நடந்து அவர்கள் செய்வதை எல்லாம் குறித்தார்கள். எட்டு மணி நேர ஷிப்டில் ஒருவர் சராசரியாக 583 காரியங்களில் கை வைத்திருந்தார். ஒன்றுக்கு 48 விநாடி. பெரிய அதிகாரிகளும் தப்பவில்லை. கனடாவைச் சேர்ந்த ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து நிறுவனத் தலைவர்களை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்தார். அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துபோனவை. அமைதியாக உட்கார்ந்து திட்டமிடுபவர்தான் மேனேஜர் என்ற படம் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்பதை 1973-ல் அவர் எழுதினார்.

ஆகவே துண்டு துண்டாக நாள் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இந்த வேலையின் சுபாவம். ஆனால் ஒரு சோதனை வையுங்கள். இன்று உங்களிடம் வந்த கேள்விகளில் எத்தனை நேற்றும் வந்தவை? நேற்று வந்த அதே கேள்வி இன்றும் வந்தால், அதற்குப் பதில் சொன்னது நிர்வாகம் இல்லை. அது மறுபடி வராதபடி செய்வதுதான் நிர்வாகம். லேபிள், நூல், எலாஸ்டிக், பாலிபேக் ஆகியவற்றில் அன்றைய லைன் பிளானுக்கு உட்பட்ட அளவை சூப்பர்வைசர் கையெழுத்திலேயே எடுக்கலாம் என்று முதலாளியிடம் பேசி எழுத்தில் வாங்குங்கள். பிளானைத் தாண்டினால் மட்டும் உங்களிடம் வரட்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் யார் முடிவெடுப்பார் என்று பெயர் சொல்லி அறிவியுங்கள். அதன்பிறகு அவர் எடுக்கும் முடிவு உங்கள் முடிவைப்போல் இல்லாவிட்டாலும் லைனில் வைத்து மாற்றாதீர்கள்.

எப்போதாவது மெஷினில் உட்காரவே கூடாதா? உட்காரலாம். புது ஸ்டைலில் ஒரு ஆபரேஷன் ஏன் சுணங்குகிறது என்று தெரிந்துகொள்ள பத்து பீஸ் தையுங்கள். புதிதாக வந்தவருக்குக் கை காட்டிக் கொடுங்கள். டார்கெட்டை நிரப்ப உட்காராதீர்கள்.

நண்பரும் அதிகாரமும்

உங்கள் கடிதத்தில் இந்தப் பகுதிதான் கனமாக இருந்தது. 'சார்' என்ற சொல் உங்களை எவ்வளவு வலிக்க வைத்தது என்று எழுத்திலேயே தெரிகிறது.

நீங்கள் ஒன்றைத் தவறாக நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒன்று நட்பு, இல்லையென்றால் அதிகாரம், இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற பெண்மணி இருந்தார். 1868-ல் பிறந்தவர், ஏழைகள் பகுதியில் சமூக சேவை செய்தவர், 1920-களில் தொழிலதிபர்களே அவர் பேச்சைக் கேட்க வந்தார்கள். ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு உத்தரவு போடக் கூடாது, இருவரும் சேர்ந்து நிலைமையைப் பார்த்து, நிலைமை என்ன கேட்கிறதோ அதற்கு இருவருமே கட்டுப்பட வேண்டும் என்பார். எனக்கு வேலையில் இதைவிட உதவிய யோசனை வேறில்லை.

"நான் சொல்றேன், நேரத்துக்கு வா" என்றால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் யார் பெரியவர் என்ற பேச்சாகிவிடும். "எட்டரைக்கு நீ வரலைன்னா உன் அடுத்த மெஷின்ல அவங்க பண்டில் இல்லாம உக்காந்திருக்காங்க, பீஸ் ரேட்ல அவங்க காசு போகுது" என்றால் அது நிலைமை. அவரும் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம். வேலை நேரத்தில் இல்லாமல், வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் ஏன் தாமதம் என்று கேளுங்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், அந்தக் கேள்வியை நீங்கள் அவரிடம் கேட்டதாக எங்கும் இல்லை. வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருக்கலாம், பிள்ளையைப் பள்ளியில் விடுவதாக இருக்கலாம், தனக்குக் கிடைக்காத பதவி உங்களுக்குக் கிடைத்த வருத்தமாகவும் இருக்கலாம்.

கேட்ட பிறகும் மாறவில்லை என்றால், மற்ற 179 பேருக்கு என்ன விதியோ அதுதான் அவருக்கும். அவருக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் லைனில் இருக்கும் பெண்கள் யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

சின்ன முதலாளி விஷயம் இவ்வளவு சிக்கலானதில்லை. அவருக்குத் தளத்தில் நடப்பதைப் பார்க்க ஆசை, பார்க்கத் தெரிந்த வழி ரிப்போர்ட். எத்தனை பீஸ் என்ற ரிப்போர்ட் நடந்து முடிந்ததைச் சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதனால் அவருக்கு வேறொன்று கொடுங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த லைன், எத்தனை நிமிடம் நின்றது, எத்தனை பேர், ஏன். நூல் ஷேட் மாறியது, கட்டிங் பண்டில் வரவில்லை, மெக்கானிக் வரவில்லை என்று காரணத்தை ஒரே வரியில் போடுங்கள். நிமிடத்தை ஆட்களால் பெருக்குங்கள். இரண்டு வாரம் கழித்து எந்தக் காரணம் அதிகம் தின்கிறது என்று தெரியும். அதை எடுத்துக்கொண்டு சின்ன முதலாளியிடம் போய், "இதில் முதல் இரண்டையும் சரிசெய்ய உங்கள் உதவி வேண்டும்" என்று கேளுங்கள். சாயப்பட்டறையோடும் பையரோடும் பேச அவருக்கு இருக்கும் செல்வாக்கு உங்களுக்கு இல்லை. முன்பு சொன்ன எண்ணிக்கையும் இதுதான். அடுத்த மாதம் அந்த நிமிடங்கள் குறைந்தால், அது நீங்கள் தைத்த பீஸ்.

பதிவில் பெயர், ஓவர்டைம்

இங்கே கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் 'மேனேஜர்' என்பது வெறும் பதவிப்பெயராக இருக்கவில்லை. அரசுக்குத் தெரிவிக்கப்பட்ட ஒரு பெயர். விதிமீறல் என்று வந்தால் ஆக்குபையர் எனப்பட்ட பொறுப்பாளரோடு அந்த மேனேஜரும் குற்றவாளி ஆனார். பொதுவான தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. அபராதமும் நடைமுறையும் மாறியிருப்பதால் கையெழுத்துக்கு முன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பயந்து மறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பொறுப்பு வந்தால் அதற்குரிய அதிகாரமும் வர வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் மெஷினை நிறுத்தவும், தீயணைப்புக் கருவி, வெளியேறும் வழி, மின் இணைப்பு போன்றவற்றுக்கு யாரையும் கேட்காமல் ஒரு அளவு வரை செலவு செய்யவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு என்று நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்றால் பெயரைக் கொடுக்காதீர்கள். ஆடிட்டுக்கு ஒரு வருகைப் பதிவேடு, உள்ளே வேறொன்று என்று எங்காவது இருந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓவர்டைம் பற்றி நீங்கள் நினைப்பது பாதி சரி. பெயரை மாற்றியதாலேயே ஒருவரின் உரிமை போய்விடாது, உண்மையில் செய்யும் வேலை என்ன என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். 1994-ல் ஒரு காலணி நிறுவனத்தின் கடை மேலாளர், தன்னைப் பணிநீக்கம் செய்ததை எதிர்த்துத் தொழிலாளி என்ற முறையில் உச்ச நீதிமன்றம் வரை போனார். பதவிப்பெயர் முக்கியமில்லை, முதன்மையான வேலை எது என்பதே கேள்வி என்று சொன்ன நீதிமன்றம், அவர் வேலை நிர்வாக வேலைதான் என்று தீர்ப்பளித்தது. லீவு கொடுப்பதும் ஆளை மாற்றிப் போடுவதும் நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் நிலையும் அவருடையதைப் போலத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை ஓவர்டைம் விதிகளிலிருந்து விலக்கவும் பழைய சட்டத்திலேயே இடம் இருந்தது. எனவே இதைச் சண்டையாக ஆக்காமல், சூப்பர்வைசராக ஓவர்டைமோடு சேர்த்து வாங்கிய தொகையை எழுதிக் காட்டி, இப்போதைய சம்பளம் அதற்குக் குறையக் கூடாது என்று பேசுங்கள். நியாயமான கோரிக்கை, முதலாளிக்கும் புரியும்.

உங்களுக்குக் கீழே இருக்கும் சூப்பர்வைசர்கள் கதை வேறு. பணிநீக்கம் போன்ற தகராறுகளில், மேற்பார்வை வேலை செய்பவரையும் ஒரு ஊதிய வரம்புக்குள் தொழிலாளியாகவே சட்டம் பார்க்கிறது. பழைய சட்டத்தில் அது மாதம் 10,000 ரூபாய், புதிய தொகுப்பில் 18,000. அவர்களை நடத்தும்போது இதை நினைவில் வையுங்கள்.

படிப்பா, கான்ட்ராக்டா, திரும்பிப் போவதா

எம்.பி.ஏ. இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. படிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு இன்று தேவைப்படுவது காஸ்டிங் எனப்படும் செலவுக் கணக்கு, ஒரு ஆபரேஷனுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கிடும் முறை, கம்ப்யூட்டரில் எக்செல், தொழிலாளர் சட்டத்தின் அடிப்படை. இவற்றைக் குறுகிய வகுப்புகளில் கற்கலாம், உங்கள் ஊரிலேயே பின்னலாடைக் கல்வி நிலையம் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்தும் ஆசை இருந்தால் எம்.பி.ஏ. படியுங்கள், அப்போது பாடம் உங்களுக்கு வேறு விதமாகப் புரியும்.

கான்ட்ராக்ட் எடுத்தால் காசு அதிகம் என்கிறீர்கள். நல்ல சீசனில் உண்மைதான். ஆனால் அங்கே ஆள் பிடிப்பது, சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உங்கள் தலையில். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது வெளியே கொடுத்த வேலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஊர் பட்ட பதற்றம் உங்களுக்கே தெரியும். அதைவிட முக்கியம், நிர்வாகம் பிடிக்காமல் கான்ட்ராக்டுக்குப் போனால், அங்கே முதல் நாளே நீங்கள் செய்யப்போவது நிர்வாகம்தான், இன்னும் குறைந்த துணையோடு.

திரும்ப டெய்லராகப் போவதில் எந்த அவமானமும் இல்லை. கைத்தொழிலில்தான் மனம் நிறைகிறது என்று உண்மையாகவே தெரிந்தால் போகலாம். சாம்பிள் பிரிவில் நல்ல கைக்கு எப்போதும் இடம் உண்டு, அதையும் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் கற்றுக்கொடுக்கப்படாத ஒரு வேலையை எட்டு மாதம் செய்துவிட்டு, அது பிடிக்கவில்லை என்று முடிவெடுக்க வேண்டாம். ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அந்த நோட்டை வாங்கிவிடுங்கள். ஸ்டோர் கையெழுத்து விஷயத்தை அந்த வாரமே முடித்துவிடுங்கள், அது ஒரு நாள் வேலை. பதிவில் பெயர் போடும் காகிதத்துக்கு, "வக்கீல் பார்த்த பிறகு தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தக் காரணம் முதலிடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்து எங்கே கை வைக்கலாம் என்று எழுதுகிறேன்.